ராசா அம்பும் நொண்டி அம்பும்

சடையன் கரடி வில்லை எடுத்தால் உச்சாணிக் கொம்பில் தொங்கும் மாம்பழம் காம்போடு கீழே வரும். செங்குத்துப் பாறையில் தேன்கூடு இருந்தால், அம்பில் கற்றாழை நார்க்கயிற்றைக் கட்டி எய்வான். கூடு கிழிந்து தேன் ஒழுகும். அம்பைக் கயிற்றோடு இழுத்துக்கொள்வான். அந்தக் காட்டில் வேறு எந்தக் கரடிக்கும் இந்த வித்தை தெரியாது.

ஆனால் அம்பு படுத்தும் பாடு எய்கிறவனுக்குத்தான் தெரியும். அந்த வருசம் கோடை தொடங்கும்போது அவனிடம் ஆறு அம்புகள் இருந்தன. ஒன்று பாறையில் பட்டு வாயைப் பிளந்தது. ஒன்று ஆற்றோடு போனது. ஒன்று மரத்தில் ஆழமாகத் தைத்து, பிடுங்கும்போது முறிந்தது. இன்னொன்றைச் சடையனே தூக்கக் கலக்கத்தில் மிதித்துவிட்டான். அதை மட்டும் அவன் யாரிடமும் சொல்லவில்லை. புதிதாக வெட்டிய மூங்கில் குகைக்குப் பின்னால் காய்ந்துகொண்டிருந்தது. பச்சை மூங்கிலில் அம்பு செய்தால் இரண்டே நாளில் வாழைப்பழம் மாதிரி வளைந்துகொள்ளும். ஆகையால் மழைக்காலம் வந்தபோது மிச்சம் இருந்தது இரண்டே அம்பு.

ஒன்றின் பெயர் நொண்டி. இன்னொன்றின் பெயர் ராசா. இரண்டும் நாலு வருசத்துக்கு முன்னால் ஒரே புதரில் வெட்டிய மூங்கில்.

நொண்டியின் முனை இரண்டு தடவை உடைந்திருந்தது. உடைந்ததை நறுக்கி நறுக்கிக் கட்டியதில் ஒரு சாண் நீளம் குறைந்துவிட்டது. நடுவில் இரண்டு இடத்தில் நார்ச்சுற்று. வாலில் முதலில் மயிலிறகு இருந்தது, பிறகு பருந்திறகு, இப்போது காக்காய் இறகு.

ராசா அப்படி இல்லை. சடையன் தன் ஆயுளில் செய்த அம்புகளிலேயே நேரானது அதுதான். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால் நூல் பிடித்தது மாதிரி இருக்கும். இருவாட்சிப் பறவை உதிர்த்த இறகு மூன்றை வாலில் வைத்துக் கட்டியிருந்தான். அதை அவன் ஒரு நாளும் எய்ததில்லை. வாழைச் சருகில் சுற்றிக் குகையின் உள்பொந்தில் வைத்தவன் வைத்தவன்தான்.

அம்புகளுக்கு வைத்தியம் பார்ப்பவள் முள்ளி. அவள் ஒரு முள்ளம்பன்றி. எய்து முடித்த அம்பை வாங்கிக் காதோரம் வைத்து, மெல்ல வளைத்துத் திருப்புவாள். உள்ளே விரிசல் இருந்தால் சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்கும். சின்ன விரிசல் என்றால் நார் சுற்றுவாள். பெரிய விரிசல் என்றால் தூக்கி எறியச் சொல்வாள். "விரிசல் விட்ட அம்பு முதல்ல எய்தவன் கையிலதான் தைக்கும்" என்பாள். அம்பு கோணியிருந்தால் வெயிலில் சுட்ட பாறைமேல் உருட்டி நேராக்குவாள்.

ஒரு நாள் அவள் நொண்டியை உருட்டிக்கொண்டிருந்தபோது கோணவாலன் வந்து உட்கார்ந்தான். அவன் குரங்குக் கூட்டத்துக்குத் தலைவன். நக்கல் இல்லாமல் அவனுக்கு வாய் திறக்காது.

"மாமா, இந்த நொண்டிக்கு என்ன வயசு இருக்கும்? எங்க தாத்தாகூட விளையாடியிருக்குமோ?"

"நாலு வருசம் ஆகுது மாப்ளே" என்றான் சடையன்.

"ஒரு அம்பு எத்தனை வருசம்தான் தாங்கும்?"

முள்ளி குறுக்கே புகுந்தாள். "வருசத்தைக் கேக்காதே. எத்தனை தடவை எய்தாங்க, எதுமேல பட்டுச்சு, பட்ட பிறகு எவனாவது எடுத்துப் பாத்தானான்னு கேளு. மணல்ல விழறது நூறு தடவை போகும். கல்லுல பட்டது அன்னைக்கே போகும்."

"அப்ப உங்க ராசா?"

"அதுக்குச் சாவே கிடையாது" என்றான் சடையன் பெருமையாக. "அதைத்தான் நான் வெளியிலயே எடுக்கிறதில்லையே."

"என்கிட்ட ஒரு தடவை குடுடா. வளைச்சுப் பாத்துட்டுத் தந்துடறேன்" என்றாள் முள்ளி.

"வேண்டாம்க்கா. உன் முள்ளு பட்டுச்சுன்னா போச்சு. ஒரு கீறல்கூட இல்லாம வச்சிருக்கேன்."

"எதுக்கு வச்சிருக்கே?"

"ஒரு நாளைக்கு வேணும்ல?"

ஆற்றோடு போன அம்பைத் தேடி அவன் மூன்று நாள் கரையிலேயே அலைந்தது முள்ளிக்குத் தெரியும். நல்ல பொருள் கையை விட்டுப் போய்விடுமோ என்கிற பயம் யாருக்குத்தான் இல்லை? அவள் பேச்சை அத்தோடு விட்டாள்.

சில நாள் கழித்து, ஒரு காலையில் கோணவாலன் தன் கூட்டத்தோடு ஆற்று நடுத்திட்டில் நிற்கும் அத்திமரத்துக்குப் பழம் தின்னப் போனான். போகும்போது தண்ணீர் முழங்கால் அளவு. மலைமேல் எங்கேயோ பெய்த மழை, அவர்கள் பாதி வயிறு நிரம்புவதற்குள் கீழே வந்துவிட்டது. செக்கச்செவேல் என்று தண்ணீர். திட்டு மூழ்கியது. அத்திமரத்தின் வேர் ஒரு பக்கம் வெளியே தெரிந்தது. மரத்தில் பதினோரு குரங்குகள். கோணவாலனின் பெண்டாட்டிக்கு நிறைமாசம் வேறு.

கூச்சல் கேட்டுச் சடையனும் முள்ளியும் கரைக்கு ஓடி வந்தார்கள்.

"மாமா, மரம் ஆடுது" என்று கத்தினான் கோணவாலன். நக்கல் எல்லாம் போன இடம் தெரியவில்லை. "இவளால தாவ முடியாது. எப்படியாவது கரை சேத்துருங்க மாமா."

முள்ளி சுற்றிலும் பார்த்தாள். கரையில் ஒரு மருதமரம். அதன்மேல் கை பருமனுக்கு ஒரு காட்டுக்கொடி சுருண்டு கிடந்தது.

"சடையா, அம்புல நார்க்கயித்தைக் கட்டி அந்த அத்திமரத்துக்கு எய். இந்தப் பக்கத்து நுனியில நான் கொடியைக் கட்டி விடறேன். அவன் கயித்தைப் பிடிச்சு இழுத்தான்னா கொடி அங்க போய்ச் சேந்துரும். கிளையில சுத்திக் கட்டிட்டா, தொங்கிக்கிட்டே வந்துருவாங்க."

சடையன் குகைக்கு ஓடித் திரும்பி வந்தான். வில்லும் கயிறும் நொண்டியும் முதுகில். ராசா கையில்.

"இந்த நாளுக்குத்தான்க்கா வச்சிருந்தேன்" என்று சருகைப் பிரித்தான்.

"கொஞ்சம் பொறு. காதுல வச்சுப் பாத்துடறேன்."

"மரம் சாயப்போகுது, இப்பவா வைத்தியம்? இதுல கீறலே இல்லைக்கா."

"கீறல் இல்லாததுதான்டா எனக்குப் பயமா இருக்கு."

அவன் காதில் வாங்கவில்லை. கையில் அம்பு சருகு மாதிரி லேசாக இருந்தது. நல்ல அம்பு லேசாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். கயிற்றைக் கட்டினான். நாணைக் காதுவரைக்கும் இழுத்தான். விட்டான்.

படக் என்று ஒரு சத்தம். அம்பு போகவே இல்லை. வில்லிலேயே நொறுங்கிவிட்டது. ஒரு மூங்கில் சிம்பு அவன் இடது உள்ளங்கையில் ஏறியது. இறகுகள் மட்டும் பறந்து போய்த் தண்ணீரில் விழுந்தன. சடையனின் நெஞ்சு மயிரெல்லாம் மஞ்சள் மாவு.

மாவுக்குள்ளிருந்து ஒரு உளுவண்டு தலையை நீட்டியது. மூங்கிலைத் துளைத்துத் தின்கிற வண்டு.

"யாருய்யா அது, குடியிருக்கிற வீட்டை உடைக்கிறது?"

சடையனுக்கு வலியைவிடத் திகைப்புதான் அதிகம். "உன் வீடா? இது என் அம்பு."

"அம்பா? நாலு மழை ஆச்சு, ஒரு ஆள் எட்டிப் பாக்கலை. யாருமில்லாத இடம்னுதான் குடும்பத்தோட வந்தோம். ஏழு பிள்ளை பெத்து வளத்தாச்சு இதுல."

முள்ளி சடையனின் கையைப் பிடித்து, சிம்பைப் பல்லால் கடித்து இழுத்துத் துப்பிவிட்டுக் கேட்டாள். "இவன்கிட்ட இன்னொரு அம்பு இருந்துச்சே. அதுல ஏன் போகலை?"

"எது, அந்தக் குட்டையா? நல்ல கதை. காலையில வெயில்ல போட்டு உருட்டுறீங்க. மத்தியானம் எய்யிறீங்க. சாயங்காலம் நீ காதுல வச்சு வளைக்கிறே. குடும்பம் நடத்துற இடமா அது?"

சடையன் தலை குனிந்து மாவைப் பார்த்தான். அந்தப் பக்கம் அத்திமரத்தின் ஒரு வேர் அறுந்தது. கோணவாலனின் பெண்டாட்டி வீறிட்டாள்.

"அழறதை அப்புறம் வச்சுக்கலாம்" என்றாள் முள்ளி. குரலில் கோபமே இல்லை. நொண்டியை எடுத்துக் காதோரம் வளைத்துத் திருப்பினாள். சத்தமே இல்லை. "ஆரோக்கியமா இருக்கு. எய்."

"இது குட்டைக்கா. நாணை முழுசா இழுக்க முடியாது. அவ்வளவு தூரம் போகாது."

"அப்ப நீ கிட்டப் போ."

தண்ணீருக்குள் இருபது அடி தள்ளி ஒரு பாறை பாதி மூழ்கியிருந்தது. சடையன் கயிற்றை நொண்டியில் மாற்றிக் கட்டிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் தட்டுத் தடுமாறி அதன்மேல் ஏறினான். வில்லைப் பிடித்தான். இடது கையில் ரத்தம் வழுக்கியது. பிடி நிற்கவில்லை. இன்னொரு தடவை முயன்றான். அப்போதும் நிற்கவில்லை.

ஒரு கணம் யோசித்தான். பிறகு பாறைமேல் மல்லாந்து படுத்துவிட்டான்.

"மாமா, என்ன படுத்துட்டீங்க?" என்று அலறினான் கோணவாலன்.

"சும்மா இரு மாப்ளே."

இரண்டு பாதத்தாலும் வில்லை உதைத்துப் பிடித்தான். நொண்டியை நாணில் பூட்டி, வலது கையால் இழுத்தான். ஒரு சாண் குறைவுதான். ஆனால் கரடியின் கால் பலம் வில்லில் இருந்தது. முகத்தில் அலை அடித்தது. கண்ணை மூடித் திறந்து, விட்டான்.

காக்காய் இறகு வெயிலில் ஒரு தடவை மின்னியது. நொண்டி கயிற்றை இழுத்துக்கொண்டு போய் அத்திமரத்தின் அடித்தண்டில் தைத்தது.

கோணவாலன் இறங்கி வந்து கயிற்றைப் பிடித்து இழுத்தான். கொடி வந்தது. பெரிய கிளையில் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினான். இந்தப் பக்கம் முள்ளி மருதமரத்தில் கட்டியிருந்தாள். முதலில் நிறைமாசக்காரி வந்தாள். ஒவ்வொரு பிடிக்கும் நின்று மூச்சு வாங்கி வந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். கடைசியில் கோணவாலன்.

அவன் பாதி வழியில் இருக்கும்போது அத்திமரம் சாய்ந்தது. கட்டியிருந்த கிளை முறிந்து, கொடி தொய்ந்து தண்ணீரில் விழுந்தது. கோணவாலன் அதை விடவில்லை. வெள்ளம் அவனைப் பாறைப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தது. சடையன் நல்ல கையை நீட்டி அவன் கோணல் வாலைப் பிடித்துத் தூக்கிப் பாறைமேல் போட்டான்.

இரண்டு பேரும் கொடியைப் பிடித்துக் கரை ஏறியபோது, அத்திமரம் வளைவு தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"உங்க அம்பு அதுல இருக்கு மாமா" என்றான் கோணவாலன் மெதுவாக. "ரெண்டும் போச்சே."

"ஒண்ணு ஆத்தோட போச்சு" என்றான் சடையன். "இன்னொண்ணு எப்பவோ போயிருச்சு. எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

உளுவண்டு குடும்பத்தோடு ஒரு பட்டுப்போன மூங்கிலுக்குக் குடிபோனது. சடையனின் கை ஆறும்வரைக்கும் பழம் பறித்துப் போட்டது குரங்குக் கூட்டம். நிறைமாசக்காரிக்குப் பெண்குட்டி பிறந்தது. அதற்கும் வால் கோணல்.

தை மாதம் புது மூங்கில் காய்ந்தது. சடையன் ஐந்து அம்புகள் செய்தான். அவற்றில் ஒன்று ராசாவைவிட நேராக அமைந்துவிட்டது. முள்ளி அதைப் பார்த்தாள். சடையனைப் பார்த்தாள்.

சடையன் அதே அம்பை எடுத்துக்கொண்டு போனான். ஒரு புளிப்பு நெல்லிக்காய்க்குக் குறி வைத்தான். அன்று யாருக்கும் பசிகூட இல்லை. நெல்லிக்காய் விழுந்தது. அம்பு அப்பால் போய்ச் சேற்றில் விழுந்தது. மத்தியானம்வரைக்கும் சேற்றைத் துழாவித் தேடி எடுத்தான். கழுவித் துடைத்து, பல்லெல்லாம் தெரிய முள்ளியிடம் நீட்டினான்.

எடுத்துப் புழங்கி, அடிபட்ட இடத்தைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த பொருள்தான் ஆபத்தில் கைகொடுக்கும். ஆசைக்காகப் பொத்தி வைத்த பொருள் நமக்குத் தெரியாமலே உளுத்துப் போயிருக்கும்.