பச்சை அட்டைக் கூண்டு

சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளுக்கு ஒரு மலைவேரின் சாற்றைக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தாள் ஷைனி. பச்சை அட்டை தொங்கிய கூண்டுக்குச் சாறு. வெள்ளை அட்டைக் கூண்டுக்கு வெறும் தண்ணீர்.

பச்சைக் கூண்டில் சர்க்கரை இறங்கிக்கொண்டே வந்தது.

ஒரு மாலை, ஆய்வை வழிநடத்தும் ஆசிரியை தில்லைநாயகியின் முன்னால் போய் நின்றாள். கையில் ஒரு சின்ன பாட்டில்.

"மேடம், இன்னைக்கு ஜோவிட்டாவுக்கு இதைக் கொடுக்கப்போறேன்."

ஜோவிட்டா அவள் மகள். நாலு வயது. வேளாவேளைக்கு இன்சுலின் ஊசி.

"எலிக்குத்தானே கொடுத்திருக்கோம்?"

"எலிக்குக் கேட்குதுல்ல?"

"ஊசியை நிறுத்திடுவியா?"

"நிறுத்துவேன். நானும் அவங்க அப்பாவும் அவளை அமுக்கிப் பிடிச்சுத்தான் போடுறோம். நீங்க ஒரு நாள் வந்து பிடிங்க மேடம். அப்புறம் என்னைத் தடுங்க."

ஆசிரியை தடுக்கவில்லை.

"காலையில என் முன்னால எலிகளுக்கு ஒருதடவை ரத்தம் எடு. அதுவரைக்கும் பாட்டில் இங்கே இருக்கட்டும். ராத்திரி ஊசி போட்டுடு."

"இந்த ஒரு ராத்திரிதான். அதுக்கப்புறம் உங்க பேச்சைக் கேட்கமாட்டேன்."

"கேட்க வேண்டாம்."

காலையில் ஷைனி பச்சை அட்டைக் கூண்டைத் திறந்தாள். எலியை உள்ளங்கையில் ஏந்தி முதுகைத் தடவிக்கொடுத்தாள். அதன் படபடப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். உதடுகள் ஏதோ ஜெபத்தை முணுமுணுத்தன. பிறகுதான் வால் நுனியில் குத்தினாள். ஒவ்வொன்றுக்கும் அப்படியே.

வெள்ளைக் கூண்டு எலிகளை வாலைப் பிடித்துத் தூக்கினாள். அவை கீச்சிட்டுத் துடித்தன.

"சும்மா இரு சனியனே!"

குத்தினாள்.

பச்சையில் சர்க்கரை குறைவு. வெள்ளையில் எகிறியிருந்தது.

"பாத்தீங்களா?" பாட்டிலுக்குக் கை நீட்டினாள்.

"காதைப் பாரு."

சாறு குடிக்கும் எலிகளுக்கு அடையாளமாக வலது காதில் சின்னதாக ஒரு வெட்டு உண்டு. போட்டவளே ஷைனிதான். அட்டை இருக்கிற தைரியத்தில் அவள் அதைப் பார்ப்பதே இல்லை.

பச்சைக் கூண்டிலிருந்து ஒன்றை எடுத்தாள். காதில் வெட்டு இல்லை. அடுத்ததற்கும் இல்லை. வெள்ளைக் கூண்டுக்கு ஓடினாள். அங்கே எல்லாக் காதிலும் வெட்டு.

"நேத்து நீ போனப்புறம் எலிகளைக் கூண்டு மாத்தி விட்டேன்."

"என்னை ஏமாத்திட்டீங்க!"

"ஆமா."

"வெறும் தண்ணி குடிச்சதுக்கு எப்படி மேடம் சர்க்கரை இறங்கும்?"

ஆசிரியை வெள்ளைக் கூண்டிலிருந்து ஒரு எலியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அதன் நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"நீ பச்சைக் கூண்டை மட்டும்தான் தடவிக்கொடுத்தே. பயந்தா சர்க்கரை ஏறும். உனக்குத் தெரியாததா?"

ஷைனி எலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை மூடவில்லை. ஒரு விரலால் அதன் முதுகைத் தடவினாள்.

"அப்போ இந்த வேர்ல ஒண்ணுமே இல்லையா?"

"தெரியாது."

"நான் விடமாட்டேன். முதல்லேருந்து செய்வேன். நீங்க வேண்டாம்னாலும் செய்வேன். எனக்கு இது வேலை செஞ்சே ஆகணும் மேடம்."

ஆசிரியை இரண்டு அட்டைகளையும் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அதனாலதான், புது எலி வந்ததும் எதுக்குச் சாறு, எதுக்குத் தண்ணின்னு உனக்குச் சொல்லமாட்டேன்."