மலை வளர்கிறது என்ற கம்பவுண்டர்

"மலை வளருதும்மா," என்றார் மதலைமுத்து.

சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு கால் பெடலில், ஒரு கால் தரையில். கை மட்டும் வாட்சைத் தடவிக்கொண்டே இருந்தது.

பொன்னுருவி ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழ் தேடிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எந்த மலை?"

"ஏறப் போற மலை."

இரண்டு மலைகளுக்கு நடுவே, பள்ளத்துப் பாலத்தை ஒட்டி அவளுடைய சைக்கிள் கடை. மேற்கு மலை உச்சியில் மதலைமுத்துவின் வீடு. கிழக்கு மலை உச்சியில் அவர் கம்பவுண்டராக இருக்கும் ஆஸ்பத்திரி. காலையில் ஓர் இறக்கம், ஓர் ஏற்றம். மாலையிலும் ஓர் இறக்கம், ஓர் ஏற்றம். போவதற்கும் ஏற்றம், வருவதற்கும் ஏற்றம் என்று ஒரு ரோட்டைப் போட்டுவிட்டு அந்த இஞ்சினியர் எங்கேயோ தலைமறைவாகிவிட்டான் என்று பேச்சு.

அந்தப் பக்கத்தில் குரு என்றால் பொன்னுருவிதான். வயது இன்னும் நாற்பதைத் தொடவில்லை. காவி கிடையாது, கை நிறைய கிரீஸ். ஒரு தடவை, கோர்ட்டுக்குக் கிளம்பிய அண்ணன் தம்பி இரண்டு பேரையும் ஒரே சைக்கிளில் உட்காரவைத்து, பிரேக்கைக் கழற்றிக்கொண்டு, இறக்கத்தில் தள்ளிவிட்டாள். கீழே வந்து சேர்ந்தபோது இருவரும் கட்டிப் பிடித்திருந்தார்கள். பிரித்தெடுக்க நாலு பேர் வேண்டியிருந்தது. அந்த நாலு பேரில் நானும் ஒருவன்.

மதலைமுத்துவுக்கு வயது ஐம்பத்திரண்டு. அவளுக்குச் சீடராகி மூன்று மாதம். அவராகவே சேர்ந்துகொண்டார். குருவிடம் அதை இன்னும் சொல்லவில்லை.

"வளருதுன்னு எப்படித் தெரியும்?" என்றாள் பொன்னுருவி.

"எண்றேம்மா. வலது கால் மிதிக்கிறதை எண்றேன். போன திங்கக்கிழமை ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு மிதி. புதன்கிழமை ஆயிரத்து நானூத்தி முப்பத்தொண்ணு. நேத்து ஆயிரத்து நானூத்தி அறுபத்தெட்டு. அதே சைக்கிள். அதே ரோடு."

"டயர்ல காத்து?"

"நீங்கதானே அடிச்சு விட்டீங்க."

"அப்ப காத்துல குத்தமில்ல."

"படுத்தாலும் எண்றேன். சோத்துல கை வச்சாலும் எண்றேன். ஞாயித்துக்கிழமை வேதக்கோயில்ல சாமியார் பிரசங்கம் பண்றார், நான் பெஞ்சுக்கு அடியில மிதிச்சுக்கிட்டு இருக்கேன்."

பொன்னுருவி டியூபைத் திருப்பினாள். குமிழ் வரவில்லை.

"வளர்ந்தா வளர்ந்துட்டுப் போகுது. உங்களுக்கு என்ன?"

"எட்டு மணிக்கு நான் அங்க நிக்கணும். மருந்து ரூம் சாவி எங்கிட்ட இருக்கு. சர்க்கரைக்கு ஊசி போடுறவங்க ஏழு பேரு. ஊசி போட்டாத்தான் சாப்பிடுவாங்க. போன வாரம் இருபத்தஞ்சு நிமிஷம் லேட்டாயிட்டேன். பரிபூரணத்தம்மா பசி தாங்காம வராந்தாவிலேயே மயங்கி விழுந்துட்டாங்க."

"அப்புறம்?"

"கண்ணு முழிச்சதும், பரவால்ல தம்பி, மலைதானேன்னு சொன்னாங்க. திட்டியிருக்கலாம். அப்படிச் சொன்னதைத்தான் தாங்க முடியல."

அவர் மறுபடியும் வாட்சைப் பார்த்தார். பார்த்த நேரத்தை மறந்து இன்னொரு தடவை பார்த்தார்.

"இப்படியே வளர்ந்தா ஐப்பசியில நான் போய்ச் சேர ஒம்பதாயிரும். கார்த்திகையில பத்து. அதுக்குள்ள யாராவது செத்துருவாங்க. அதான், சாவியை இன்னிக்கு டாக்டர்கிட்ட குடுத்துரலாம்னு பாக்குறேன். மேலயே குடியிருக்கிற ஆள் யாராவது வச்சுக்கட்டும்."

"எத்தனை வருஷம் வச்சிருந்தீங்க?"

"இருபத்தாறு."

சட்டைப் பையில் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"குடுக்கவா, வேண்டாமா? நீங்க சொன்னாச் சரி."

பொன்னுருவி எழுந்தாள். கடைக்குள் போனாள். உள்ளே எதையோ இரண்டு முறை தட்டும் சத்தம் கேட்டது. ஓர் எண்ணெய் டின்னோடு வந்தாள். அதை அவருடைய கேரியரில் வைத்து, கிழிந்த டியூபால் இறுக்கிக் கட்டினாள்.

"இதை ஆஸ்பத்திரியில இறக்கி வைங்க. அப்புறமா சாவியைக் குடுங்க."

"என்னம்மா இது?"

"சுண்ணாம்பு. கரைச்சது."

"இருக்கிற பாரமே தாங்கலையேம்மா."

"போகப் போகக் குறையும்."

"பாரம் எப்படிம்மா குறையும்?"

"மணி என்ன?"

மதலைமுத்து வாட்சைப் பார்த்தார். அடுத்த நொடி அங்கே அவர் இல்லை.

ஒன்று. இரண்டு. மூன்று.

முதல் வளைவுவரை மரங்கள் உச்சியை மறைத்திருந்தன. வளைவு திரும்பியதும் உச்சி தெரிந்தது. மலை அவரைப் பார்த்ததும் ஒரு முழம் நிமிர்ந்து உட்கார்ந்தது. இதை அவர் வாயால் நானே கேட்டேன்.

உச்சியைப் பார்த்தார். வாட்சைப் பார்த்தார். உச்சியைப் பார்த்தார். நெஞ்சுக்குள் பிடிபட்ட கோழி மாதிரி என்னவோ அடித்துக்கொண்டது.

அறுநூற்றுப் பத்து. அறுநூற்றுப் பதினொன்று.

இப்போது பரிபூரணத்தம்மா வந்திருப்பாள். தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இல்லை, உட்கார்ந்திருப்பாள். இல்லை, விழுந்திருப்பாள்.

எண்ணூறுக்குப் பக்கத்தில் மூச்சுமுட்டி ஏற்றம் வந்தது. அந்த ரோட்டிலேயே செங்குத்தான இடம் அதுதான். அங்கே காக்காய்கூட இறங்கி நடந்துதான் போகும்.

ரோட்டோரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தொப்பளான் இருமிக்கொண்டே கூட நடந்து வந்தான்.

"கம்பவுண்டரே, டானிக்கு தீந்துபோச்சு."

"எத்தனை நாளாடா இருமல்?"

"கறுப்பாடு குட்டி போட்டதிலேர்ந்து."

"சளியில ரத்தம் வருதா?"

"இல்ல. பீடி வாசம் வருது."

"பீடியை விடச் சொன்னேனே."

"விட்டுட்டேன். இது எங்கண்ணன் பீடி."

"சாயங்காலம் காய்ச்சல் அடிக்குதா?"

"லேசா."

மதலைமுத்து அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். கன்னம் ஒட்டியிருந்தது. போன மாதம் அப்படி இல்லை.

"நாளைக்கு மேல வா. சளி டெஸ்ட் எடுக்கணும். வெறும் வயித்துல வரணும், டீகூடக் குடிக்காத. வர்றியா?"

"ஆடு?"

"ஆட்டையும் கூட்டிட்டு வா. அதுக்கும் எடுத்துருவோம்."

தொப்பளான் சிரித்தான், இருமினான், நின்றுவிட்டான். மதலைமுத்து அடுத்த எண்ணைச் சொல்ல வாயைத் திறந்தார். எண் இல்லை. எண்ணூறா, ஆயிரமா? எண்ண ஆரம்பித்ததிலிருந்து அப்படி ஆனதே கிடையாது. உள்ளங்கை வேர்த்து ஹாண்டில்பார் வழுக்கியது. உச்சி மறுபடியும் தெரிந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஏழு பேரும் இருந்தார்கள். ஏழு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் எட்டு ஆக இரண்டு நிமிஷம். மதலைமுத்து கடிகாரம் நின்றுவிட்டதோ என்று அதன் கீழே போய் நின்று காதைக் கொடுத்துக் கேட்டார். ஓடிக்கொண்டிருந்தது.

ஏழு ஊசியும் போட்டு முடித்த பிறகுதான் டின் ஞாபகம் வந்தது. போய்த் தூக்கினார். காற்று மாதிரி வந்தது. அடியில் ஆணி அளவுக்கு ஓர் ஓட்டை.

குரு கொடுத்ததை வழியெல்லாம் கொட்டிவிட்டு வந்திருக்கிறோம். ஒரு டின் சுண்ணாம்பை ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்க்கத் துப்பில்லை, நம்மை நம்பியா ஏழு உயிர்?

வராந்தாவில் உட்கார்ந்து இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்த பரிபூரணத்தம்மா கீழே ரோட்டைப் பார்த்தாள்.

"என்ன தம்பி, இன்னிக்கு ரோடு பூரா கோலம் போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க?"

மதலைமுத்து கைப்பிடிச் சுவரருகே வந்து எட்டிப் பார்த்தார்.

பாலத்திலிருந்து மேலே வரை ரோட்டில் வெள்ளைப் புள்ளிகள். முதல் வளைவுவரை மர இடுக்கில் தெரிந்தவை ஒழுங்காக வந்தன. அதற்குமேல் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் பாம்பு மாதிரி நெளிந்தன. இரண்டு இடத்தில் பள்ளத்தின் விளிம்புக்கு ஒரு சாண் மிச்சம் என்கிற அளவுக்குப் போயிருந்தன. நடுவில் மூச்சுமுட்டி ஏற்றத்தில் மட்டும் தையல்காரர் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நேர்கோடு. அதைத் தாண்டியதும் மறுபடி நெளிவு.

"அந்த ஏத்தத்துல மட்டும் வேற யாராவது ஓட்டினாங்களா?" என்றாள் பரிபூரணத்தம்மா.

மதலைமுத்து டின்னை எடுத்துக் கேரியரில் கட்டினார்.

சாயங்காலம் பாலத்தருகே வந்து சைக்கிளை நிறுத்தினார். பொன்னுருவி கடையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"டின்னுல ஓட்டை இருந்துச்சும்மா."

"தெரியும். நான்தான் போட்டேன்."

"சாவியைக் குடுக்கல. டாக்டர் இன்னிக்கு லீவு. நாளைக்குக் குடுக்கணும்."

"ம்."

"நாளைக்கும் டின்னைக் கட்டி விடுறீங்களா?"

"எதுக்கு?"

"நேரா போறேனான்னு பாக்கணும்."

"அப்ப டின்னைத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே ஓட்டுவீங்க."

"பின்ன எதைத்தான் பாக்குறது?"

பொன்னுருவி ஒரு பலகையைத் தூக்கி வாசலில் பொருத்தினாள். மதலைமுத்து மேற்கே திரும்பினார். வீட்டுக்குப் போகும் ஏற்றம் எதிரே நின்றது. அதுவும் வளர்ந்திருந்தது.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு யாரார் வர்றாங்க?" என்றாள் அவள்.

"நிறையப் பேரும்மா."

"சொல்லுங்க."

"முதல்ல பரிபூரணத்தம்மா. அவங்களுக்கு வலது கையில போடக் கூடாது, வீங்கியிருக்கு."

"ஏறி மிதிச்சுக்கிட்டே சொல்லுங்க. இருட்டப் போகுது."

"போயிட்டா உங்களுக்குக் கேக்காதே."

"கேக்குற வரைக்கும் கேக்குறேன்."

அவர் மிதித்தார்.

"அடுத்து சவரியாயி. கண்ணு சரியா தெரியல, மாத்திரை கவர்ல பெருசா எழுதிக் குடுக்கணும். முனியாண்டிக்குக் கால் புண்ணு, செருப்பு போட மாட்டேங்குறான், திட்டணும். தொப்பளான் டீ குடிச்சுட்டுத்தான் வருவான், அவனை மறுநாளும் வரவைக்கணும், வீட்ல குழந்தைங்க இருக்கு, அதுகளையும் பாக்கணும். அப்புறம் பாலம்மா..."

பாலம்மாவுக்கு அப்புறம் இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருந்தது.

கடைசிப் பேரைச் சொல்லி முடிக்கும்போது யாரோ ஹாண்டில்பாரைப் பிடித்து நிறுத்தினார்கள்.

அவர் மனைவி.

"வீட்டைத் தாண்டி எங்க போறீங்க?" என்றாள்.