வெந்நீருக்குக் கூசிய கல்

கல்லுமேட்டுக் கல் சேகரிப்போர் சங்கத்தில் கற்களைக் கழுவித் துடைப்பது செல்லக்கிளியின் வேலை. கண்காட்சியன்று சங்கத் தலைவர் தெய்வநாயகம், எலுமிச்சை அளவில் பளபளவென்று ஒரு கல்லை நீட்டினார்.

"கோடி வருஷத்துப் பளிங்கு! நானே மலையில தோண்டி எடுத்தது. வெந்நீர்ல கழுவு. குன்றிமணி எடை குறைஞ்சாலும் உன் வேலை போச்சு!"

கல்லைத் தொட்டதுமே செல்லக்கிளிக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"வெந்நீர் வேண்டாங்கய்யா. இது கூச்சப்படுற கல்லு."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். தலைவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கோடி வருஷ மழையில கரையாதது உன் சட்டித் தண்ணியில கரைஞ்சிடுமா?"

"அப்ப உங்க கையாலயே போட்டுடுங்கய்யா. எனக்குப் பழி வேண்டாம்."

கொதிக்கிற சட்டியில் அவரே போட்டார். தாம் மலையேறிய வீரத்தை அரைமணி நேரம் அளந்துவிட்டுக் கரண்டியால் எடுத்தால், கொட்டைப்பாக்கு அளவுதான் மிச்சம்!

"என்னடி இது?"

"படிகாரமுங்க. சவரம் பண்ணிட்டுக் கன்னத்துல தேய்ப்பாங்களே, அதுதான். எங்க வீட்டுக்காரர் சலூன்ல நிறைய இருக்கு. இதுக்குப் போயி மலை ஏறுவாங்களா?"

கூடமே அதிரச் சிரித்தது. தலைவர் கன்னத்தைத் தடவிக்கொண்டே வெளியேறினார். அன்றுமுதல் செல்லக்கிளி தொட்டுப் பார்த்துத் தலையாட்டாத எந்தக் கல்லும் அந்தச் சங்கத்தில் மேசை ஏறியதில்லை.