ஆவுடையம்மா பார்த்த மலை

ஒரு ஊர்ல ஒரு டிராயிங் டீச்சர் இருந்தாளாம். பேரு செண்பகம். போர்வைய இழுத்துக்கோ சிட்டு, கால வெளிய நீட்டாத. தாத்தா சொல்லச் சொல்ல நீ "ம்" கொட்டணும். "ம்" வரலேன்னா கதை அப்படியே நின்னுடும், ஆமா.

அந்தச் செண்பகத்துக்கு ஒரு அம்மா, ஆவுடையம்மா. அவ புருஷனுக்கு ரயில்வேல தண்டவாளம் பார்க்கிற வேலை. மலையடிவாரத்துல ஒரு குட்டி ஸ்டேஷன், அது பக்கத்துல குவார்ட்டர்ஸ். கல்யாணமாகி வந்ததுலேர்ந்து அவளுக்கு அதுதான் வீடு. அப்புறம் புருஷன் போய்ச் சேர்ந்தாரு, குவார்ட்டர்ஸையும் இடிச்சுத் தள்ளிட்டாங்க. மக வீட்டுக்கு டவுனுக்கு வந்தா. வந்த இடத்துல குளிக்கப் போயி, சர்ருனு வழுக்கி, தொம்முனு விழுந்து, இடுப்பு ஒடிஞ்சு படுத்த படுக்கையாயிட்டா.

ம்? சரி, முழிச்சிட்டுத்தான் இருக்க.

அப்போ தினமும் கண்ணு முழிச்சதும் எதிர்ச் சுவரப் பார்ப்பா. "ஏட்டி, மலையக் காணோமே" அப்படிம்பா. டவுன்ல ஏது மலை? வெறும் சுவரு. அப்புறம் அதையும் கேக்கிறத விட்டுட்டா. சோறு இறங்கல, பேச்சும் இல்ல. செண்பகத்துக்கு, அம்மா இப்படியே போயிடுவாளோன்னு பயம்.

அப்புறம் என்ன பண்ணா, ஒரு பெரிய பிளைவுட் பலகைய வாங்கி, எதிர்ச் சுவத்துல டொக்கு டொக்குனு அடிச்சு மாட்டி, அதுல அந்த மலைய வரைஞ்சா. சின்னப் புள்ளைல அவ ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்து பார்த்த மலை, அடி முதல் நுனி வரைக்கும். "அம்மா, பாரு!" ஆவுடையம்மா பார்த்தா. "நல்லாருக்கு"ன்னா. சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா.

பச்சை போதலையோன்னு இன்னும் பச்சை அடிச்சா செண்பகம். "நல்லாருக்கு." திரும்பிப் படுத்துக்கிட்டா. அப்புறம் அடிவாரத்துல அருவி ஒண்ணு விட்டா, சளசளசளன்னு. அதுக்கும் "நல்லாருக்கு." அப்புறம் அப்பா ஞாபகம் வரட்டும்னு ஒரு ரயில் விட்டா, குச்சு குச்சு குச்சு கூஊஊ... என்ன சிரிப்பு? ரயிலும் நல்லாருக்குதான். அவ திரும்பித்தான் படுத்துக்கிட்டா.

உன்னை மாதிரி, தாத்தா வச்ச உப்புமாவ "நல்லாருக்கு"ன்னுட்டு தட்டத் தள்ளுவியே, அதே நல்லாருக்குதான்.

செண்பகத்துக்கு அழுகையே வந்துடுச்சு. ஊரு பிள்ளைங்களுக்கெல்லாம் மலை வரையச் சொல்லித் தர்றவ, பெத்தவளுக்கு ஒரு மலை வரைய முடியல. இன்னும் திருத்துறதா, தலைமுழுகுறதா? அவ புருஷன் கொம்பையாவுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. "குடுத்துடு, கோழிக்கூண்டுக்கு ஒரு பக்கம் பலகை இல்ல"ன்னான். நல்ல மனுசன்தான், ஆனா எதைப் பார்த்தாலும் அவனுக்குக் கோழிக்கூண்டுதான்.

"தர்றேன். ஆனா எங்கம்மா மலை மேல உங்க கோழி எச்சம் போடக் கூடாது. வெள்ளை அடிச்சுட்டுத் தர்றேன்"ன்னா செண்பகம்.

ம் சொல்லு. ...சொல்லேன். ஆங்.

அப்போ பட்டை பிரஷ எடுத்து, வெள்ளைப் பெயிண்ட்ல முக்கி, சரக் சரக்னு ஓரத்துலேர்ந்து அடிச்சுக்கிட்டு வர்றா. ரயில் போச்சு. அருவி போச்சு. இந்தப் பக்கச் சரிவு போச்சு, அந்தப் பக்கச் சரிவும் போச்சு. நடுவுல கொஞ்சூண்டு உச்சியும், ஒரு துண்டு வானமும்தான் மிச்சம். பிரஷ தூக்கினா பாரு...

"ஏட்டி, நிறுத்து!"

திரும்பிப் பார்த்தா, ஆவுடையம்மா தலையணைலேர்ந்து தலையத் தூக்கிட்டிருக்கா. எத்தனை நாள் கழிச்சு அப்படி ஒரு குரல்!

"அதேதான்ட்டி. அம்புட்டுதான் தெரியும்."

"எங்கேம்மா?"

"அடுப்படி ஜன்னல்ல. நீ ஊரெல்லாம் ஓடிப் பார்த்த. நான் எப்போ வெளிய வந்து மலையப் பார்த்தேன்? சோத்த வடிச்சுட்டு நிமிருவேன். அம்புட்டுதான் தெரியும்."

அப்பத்தான் செண்பகத்துக்குப் புரிஞ்சுது. இத்தனை நாளும் அவ வரைஞ்சது அவளோட மலை. அம்மாவோட மலைய அவ கேக்கவே இல்ல. அப்படியே கறுப்பு பெயிண்ட எடுத்து மிச்சமிருந்த அந்தச் சதுரத்துக்கு ஜன்னல் மாதிரி மூணு கம்பி போட்டா. படுத்துக்கிட்டே ஆவுடையம்மா அதட்டுறா: "நடுக்கம்பி நேரா இருக்காது. தலைய உள்ள விட்டு மாட்டிக்கிட்டு லபோ லபோன்னு கத்தினியே, உங்கப்பா வளைச்சுத்தானே உன்னை எடுத்தாரு!"

செண்பகம் சிரிச்சுக்கிட்டே, அழுதுக்கிட்டே நடுக்கம்பிய வளைச்சா.

ஆவுடையம்மா திரும்பிப் படுக்கல. பார்த்துக்கிட்டே இருந்தா, பார்த்துக்கிட்டே இருந்தா... அப்புறம் மெதுவா சொன்னா: "ஏட்டி, பாலப் பாரு. பொங்கிடப் போகுது."

அடுப்புல பாலே இல்ல, சிட்டு.

செண்பகம் விறுவிறுன்னு உள்ள போயி, பால் சட்டிய அடுப்புல வச்சு, பத்த வச்சா. புஸ்ஸ்ஸுனு பொங்குச்சு. எடுத்து ஆத்திக் குடுத்தா. ஆவுடையம்மா ஒரு சொட்டு மிச்சம் வைக்காம குடிச்சா.

ம்? ...ம் இல்லையா?

சரி. பாலும் ஆறிடுச்சு, அடுப்பும் அணைஞ்சுது, கதையும் படுத்துக்கிச்சு. நீயும் தூங்குடா கண்ணு.