செவலை எந்தப் பக்கம் தாண்டினாள்?

"முந்தாநாள் அவள் ஒரு புதரைத் தாண்டினாள். நேற்று மூன்று புதர்! நாளைக்கு மலையையே தாண்டிவிடுவாள், பார்!"

குளத்தில் ஒரு தவளை இன்னொரு தவளையிடம் சொல்லிச் சிரித்தது. தண்ணீர் குடிக்க வந்த தவிட்டி என்ற பெண்மானின் காதில் அது தற்செயலாக விழுந்தது.

அவள் என்றால் செவலை. போன கோடையில் இதே குளக்கரையில் புலியிடமிருந்து தப்பிய மான். அன்றிலிருந்து காடு முழுக்க அவள் பேச்சுதான். தினமும் பொழுது சாயும் நேரத்தில் கரிச்சான் குருவி அத்திமரக் கிளையில் உட்கார்ந்து, நாளுக்கு நாள் புதர்களைக் கூட்டிக்கொண்டே அவள் கதையைச் சொல்லும். யார் குரலையும் அச்சு அசலாக எடுத்துவிடும் குருவி அது. குரங்கு சொன்னதைக் குரங்கின் குரலில் சொல்லும். மயில் சொன்னதை மயிலின் குரலில் சொல்லும். புலி உறுமும் இடத்தில் முயல்கள் நிஜமாகவே ஓடிவிடும்! கடைசியில் எல்லோரும் "செவலை வாழ்க!" என்று கத்துவார்கள்.

தப்பிய நாளிலிருந்து செவலைக்கு ஒரு கால் நொண்டும். அதனால் இளம் ஆண்மான்கள் எல்லோரும் நொண்டி நடந்தார்கள்.

தவிட்டியின் கவலை வேறு. மற்ற குட்டைகள் வற்றிவிட்டன. இந்தக் குளத்தை விட்டால் தண்ணீர் இல்லை. கரை மணலில் மறுபடியும் புலியின் கால்தடம் தெரிந்தது. பால் மறந்து தண்ணீர் குடிக்கத் தொடங்கியிருந்த குட்டி அவளுக்கு இருந்தது. செவலை எப்படித் தப்பினாள் என்று தெரிந்தால் குட்டியைக் காப்பாற்றலாமே!

அன்று மாலை அவளும் கூட்டத்தில் நின்றாள். கேட்கக் கேட்கக் குழப்பம்தான் கூடியது. குரங்கின் குரல், "வலப்பக்கம் தாண்டினாள்!" என்றது. மயிலின் குரல், "இடப்பக்கம் பறந்தாள்!" என்றது.

"கரிச்சான் அண்ணே," என்றாள் தவிட்டி மெதுவாக, "எந்தப் பக்கம்?"

"ஏய், நீ கதை கேட்க வந்தாயா, வழக்கு விசாரிக்க வந்தாயா?" என்றான் குறுங்கொம்பன் என்ற இளமான். நொண்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. கூட்டம் சிரித்தது.

தவிட்டி கூசிப்போனாள். ஆனாலும் நகரவில்லை. "வேறு யாரும் பார்க்கவில்லையா, அண்ணே?"

"ஆள்காட்டிக் குருவி பார்த்தது. அது சொன்னதில் சுவை இல்லை. விட்டுவிட்டேன்."

"அதையும் சொல்லுங்களேன்!"

கரிச்சான் ஆள்காட்டியின் குரலில் கிறீச்சிட்டது. "தாண்டினாளா? யார்? வழுக்கிச் சேற்றில் விழுந்தாள்! அப்புறம்..."

"பொய்! பொய்!" குரங்குகள் அத்திக்காயை எறிந்தன. கரிச்சான் சட்டென்று குரங்கின் குரலுக்கு மாறி, செவலையை நாலாவது புதரையும் தாண்ட வைத்தது.

"செவலை வாழ்க!"

தவிட்டிக்குத் தலை சுற்றியது. எது நிஜம்? இதையெல்லாம் கேட்டு என்ன பயன்? கூட்டம் கலைந்ததும் செவலையைத் தேடிப் போனாள்.

"அக்கா, நீங்கள் தாண்டினீர்களா, விழுந்தீர்களா?"

செவலை நொண்டும் காலை நக்கிக்கொண்டே சொன்னாள். "தெரியவில்லையடி. தினமும் கேட்டுக் கேட்டு, தாண்டினேன் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் புலியை நினைத்தால் வாயில் சேற்று ருசி வருகிறது. ஏன் என்று புரியவில்லை."

"இப்போது எங்கே தண்ணீர் குடிக்கிறீர்கள்?"

"சேற்றுக் கரையில்தான். மணல் கரைக்குக் கால் போகமாட்டேன் என்கிறது. இதைப் போய்க் கரிச்சானிடம் சொல்லிவிடாதே, என் பெயர் கெட்டுவிடும்!"

மறுநாள் காலை, பாதி புரிந்தும் பாதி புரியாமலும், தவிட்டி குட்டியைச் சேற்றுக் கரைக்கு அழைத்துப் போனாள். எதிரே மணல் கரையில் குறுங்கொம்பனும் கூட்டாளிகளும் புதர் தாண்டிப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

புலி வந்தது! இளமான்கள் பழக்கதோஷத்தில் நொண்டிக்கொண்டே ஓடினார்கள். ஆனால் புலியின் கண் குட்டிமேல் இருந்தது. குளத்தைச் சுற்றி வந்து பாயப் பார்த்தது. பாய வேண்டுமென்றால் காலை ஊன்ற வேண்டுமே! ஊன்றிய கால் சேற்றில் புதைந்தது. அதை இழுத்தால் அடுத்த கால் புதைந்தது. அதற்குள் தாயும் குட்டியும், செவலை தினமும் நடந்து இறுகிய தடத்தில் கால் வைத்து, நாணலுக்குள் புகுந்து மறைந்துவிட்டார்கள்.

அன்று மாலை கூட்டம் "தவிட்டி வாழ்க!" என்று கத்தியது. குறுங்கொம்பனும் கூட்டாளிகளும் முகமெல்லாம் சேறு பூசிக்கொண்டு வந்திருந்தார்கள். இப்போது ஒருவரும் நொண்டவில்லை.

கரிச்சான் தாழ்ந்த கிளைக்கு வந்தது. "தங்கச்சி, புலியை எப்படிச் சேற்றில் தள்ளினாய்? உன் வாயாலேயே சொல். நாளையிலிருந்து உன் கதைதான்!"

தவளை தண்ணீரிலிருந்து தலையை நீட்டியது. "புகழ்பெற்றவர் கதையைக் கும்பிடக் கேட்டவனுக்கு நொண்டல்தான் கிடைக்கும், பிழைக்கக் கேட்டவளுக்கே வழி கிடைக்கும்!"

கூட்டத்தில் யாருக்கும் அது புரிந்ததாகத் தெரியவில்லை. தவிட்டி குறுங்கொம்பனைச் சேற்றுக் கரைக்கு அழைத்துப் போய், எங்கே காலை வைக்க வேண்டும் என்று வைத்துக் காட்டினாள்.