வெறும் காத்துதானே

இருட்டிய பிறகு மரப்பட்டறைக்குள் பாம்பு சீறுவதுபோல ஒரு சத்தம். ஃபோர்மேன் சவரிநாயகம் கம்ப்ரசர் குழாயில் மாட்டிய காற்றுத் துப்பாக்கியால் ஆட்கள்மேல் படிந்த மரத்தூளை ஊதிக்கொண்டிருந்தார். அங்கே அது தினசரி வழக்கம்.

புதிதாகச் சேர்ந்த பிலோமினா ஒதுங்கினாள். "அது தோலைக் கிழிச்சிரும் சார். நான் பிரஷ்ஷால தட்டிக்கிறேன்."

"வெறும் காத்துதானேம்மா, கடிக்கவா போகுது? வந்து நில்லு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"அப்போ முதல்ல பழகிக்கிறேன் சார்." துப்பாக்கியை வாங்கி, பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, அவர் வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த பப்பாளியில் முனையை அழுத்தினாள். பழம் வெடித்து, விதையும் சதையும் அவருடைய வெள்ளைச் சட்டையெல்லாம் அப்பின.

பிலோமினா சத்தமில்லாமல் காற்று வரும் வால்வை மூடிவிட்டு, துப்பாக்கியை அவர் பக்கம் திருப்பினாள்.

"அசையாம நில்லுங்க சார். வெறும் காத்துதானே, ஊதிவிட்டுடுறேன்."

சவரிநாயகம் ஒரே ஓட்டமாகத் தன் அறைக்குள் புகுந்து, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.