எதையும் கேட்காத சிடி

"இந்த சிடியில என்ன குறைன்னு சொல்லுங்க அம்மிணி. இல்லாட்டிப் பட்டறைகளுக்கு அனுப்புங்க."

கேட்டது செங்கோடன். ஐம்பதைத் தாண்டியவன். போர்வைக் கரைக்கு டிசைன் போடுகிறவன். பூங்கோதையிடம் தொழில் கற்க வந்திருந்தான். அவள் அவனைவிட இளையவள். ஈரோட்டில் பழைய கம்ப்யூட்டர்களைச் சரி செய்கிற கடை அவளுடையது.

அந்தப் பக்கத்துத் தறிப்பட்டறைக் கம்ப்யூட்டர்களில் இன்னும் விண்டோஸ் தொண்ணூற்றெட்டுதான். தறியோடு வந்த சாஃப்ட்வேர் வேறு எதிலும் ஓடாது. கம்ப்யூட்டர்ப் பெட்டி படுத்தால் தறியும் படுக்கும். ஆள் போய் மறுபடி விண்டோஸ் போட வேண்டும். அந்தப் பெட்டிக்கு ஏற்ற டிரைவர் ஃபைல்களைத் தேட வேண்டும். விண்டோஸ் ஏறும்போது வழிநெடுகக் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

செங்கோடன் செய்த சிடியில் டிரைவர் உள்ளே. சாஃப்ட்வேர் உள்ளே. பதில்களும் உள்ளே. போட்டு ஆன் செய்தால் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் தானே ஏற்றும்.

விண்டோஸோடு வந்த பழைய சிடி, பெட்டியை ஆன் செய்ததும் ஒன்று கேட்கும். எதிலிருந்து தொடங்க, ஹார்ட் டிஸ்க்கா, சிடியா? யாரும் பதில் சொல்லாவிட்டால் பேசாமல் ஹார்ட் டிஸ்க்குக்குப் போய்விடும்.

செங்கோடன் அந்தக் கேள்வியையும் எடுத்துவிட்டான்.

"தறிக்காரன் ஒரு பட்டனும் அமுக்க வேண்டாமுங்க. எதையும் கேக்காது."

முதலில் உங்கள் பெட்டியில் போடுங்கள் என்றாள். போட்டான். டீ குடித்து, பேப்பர் படித்து முடிப்பதற்குள் வேலை முடிந்திருந்தது.

இனி இதில் உங்கள் வேலையைப் பாருங்கள் என்றாள்.

பார்த்தான். கடையிலேயே உட்கார்ந்து வரைந்தான். தீபாவளிக்கான தேர்க் கரை. அது பிடித்துப்போனால் கேட்டிருந்த பட்டறையின் வருஷத்து வேலை முழுக்க அவனுக்கு. தேர்ச் சக்கரம் வட்டமாக வரவே பல நாள் பிடித்தது. ராத்திரியிலும் பெட்டியை அணைக்காமல் விட்டுப் போவான். நகல் எடுத்தீர்களா என்று அவள் கேட்டால், எடுத்துக்கலாமுங்க என்பான்.

கடைசிக் கொடியையும் வரைந்து சேவ் செய்த அன்று மறுபடி நச்சரித்தான். இப்போதாவது அனுப்பலாமா?

பூங்கோதை எழுந்தாள். சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இறக்கினாள்.

ஃபேன் நின்றது. திரை கறுத்தது.

செங்கோடன் சிரித்தான். பட்டறையில் தினமும் நடக்கிறதுதான், சேவ் பண்ணியாச்சு என்றான்.

"கரண்ட் திரும்பி வந்தா?"

"பழைய பெட்டிங்க. தானா எந்திரிச்சுக்கும்."

அவள் மெயினை ஏற்றக் கை வைத்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது. ஸ்டூலைத் தள்ளிவிட்டு ஓடி வந்தான். மெயினை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான்.

"போட்றாதீங்க அம்மிணி. சிடி உள்ளயே கெடக்குது."

"கெடந்தா என்னங்ணா? அதுதான் எதையும் கேக்காதுங்களே."